வாசம் வராத மாவு

சுங்க அதிகாரியின் விரல்கள் என் மாவுக்குள் இருந்தன. கட்டுநாயக்க விமான நிலையத்தின் நீள மேசையில் என் பெட்டி வாயைப் பிளந்து கிடந்தது. இரண்டு வேட்டி, ஒரு கம்பளிச் சட்டை, பொத்தான் பொத்தானாகக் குமிழ் ஒட்டிய ஒரு மரப்பலகை, நடுவில் தலையணை கனத்தில் வெள்ளைத் தூள் மூட்டை. எந்த நாட்டு அதிகாரிக்கும் கை பரபரக்கத்தான் செய்யும்.

"சோளம்," என்றேன் ஆங்கிலத்தில்.

"சோளம் மஞ்சள்," என்றார் அவர்.

ஒரு சிட்டிகை எடுத்து முகர்ந்தார். ஒன்றுமில்லை. இரண்டு விரலுக்கு நடுவே வைத்து அழுத்தினார். மாவு கிறீச்சென்றது, புதுச் செருப்பு தரையில் உரசுவதுபோல. புருவம் உயர்ந்தது. மறுபடி அழுத்தினார். மறுபடி கிறீச். பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டார். அவரும் அழுத்திப் பார்த்தார். இருவரும் சிங்களத்தில் பேசிக்கொண்டார்கள். எனக்குப் பின்னால் நின்ற நுவரெலியாக்காரர் காதோடு மொழிபெயர்த்தார்: "சத்தம் போடுற போதைத்தூள் நான் பார்த்ததில்லங்கிறாரு. மத்தவரு, இது எங்க வீட்டம்மா கஸ்டர்டுக்குப் போடுற சாமான், விட்டுருங்கிறாரு."

விட்டார்கள். மேசையில் சிந்திய மாவை அதிகாரி உள்ளங்கையால் துடைத்தார். அடுத்த பெட்டிக்காரரை நோக்கித் திரும்பும்போதும் அவருடைய விரல்கள் ஒன்றையொன்று தேய்த்துக்கொண்டுதான் இருந்தன.

எழுத்து என் தொழில் என்று சொல்லிக்கொள்வேன். சோறு போடுவது வேறு. பெரம்பலூர்ப் பக்கத்தில் மக்காச்சோளத்தை ஊறவைத்து, அரைத்து, பிரித்து, வெள்ளை மாவாக்கும் ஆலை ஒன்றுக்கு விளம்பரப் புத்தகம் எழுதிக் கொடுத்தேன். எழுதிய மாதங்களில் கண்ணில் பட்டதெல்லாம் சோளமாகத் தெரிந்தது. சட்டைக் காலரின் விறைப்பு சோளம். தலைவலி மாத்திரை உதிராமல் நிற்பது சோளம். அட்டைப் பெட்டியின் நெளிவுகளைக் கட்டிப்பிடித்திருக்கும் பசை, ஐஸ்கிரீமின் வழவழப்பு, குழந்தையின் தொடையிடுக்கில் தூவும் பவுடர், ஆஸ்பத்திரிக் கம்பியில் தொங்கிச் சொட்டுச் சொட்டாக நரம்புக்குள் இறங்கும் சர்க்கரைத் தண்ணீர். கரிசல் மண்ணில் வெயில் குடித்து நிற்கும் ஒரு கதிர், உலகத்தின் எல்லா மடிப்புகளுக்குள்ளும் ஓசையில்லாமல் போய் உட்கார்ந்திருக்கிறது. அந்த நினைப்பு என்னை வீட்டில் உட்காரவிடவில்லை. எனக்குக் கால் அரிக்க எப்போதும் ஒரு சாக்கு வேண்டும்.

சாக்கு நோர்வூட்டிலிருந்து வந்தது. எங்கள் தாத்தாவின் தம்பி துறையூர்ப் பக்கமிருந்து தேயிலை மலைக்குப் போனவர். அவர் வழிப் பேத்தி மகேஸ்வரி எனக்குத் தங்கை முறை. தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறாள். கணவன் யோகன் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை செய்கிறான். மகள் ஐந்தாம் வகுப்பு. ஒருநாள் போனில் கூப்பிட்டாள்.

"அண்ணே, ஜுஜுப்ஸ் அச்சுக்கு ஒரு மாவு போடுவாங்களாமே, அது உங்க ஆலையில கிடைக்குமா? தேயிலைச் சாயத்துல இஞ்சி போட்டு ஜுஜுப்ஸ் செய்யப் போறேன். நம்ம டவுன்ல சுப்பையா முதலாளி கடை அலமாரியில ஒரு தட்டு தர்றேன்னுட்டாரு. தேர்த் திருவிழாவுக்கு முன்னாடி கொண்டு வான்னாரு."

"மிட்டாய் சரியாக வராவிட்டால்?"

"குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போறேன். பாஸ்போர்ட் எடுத்தாச்சு. ஏஜென்சிக்காரத் தம்பி தேரன்னைக்குப் பதில் கேட்டு வருவாரு. கடையில தட்டு நின்னா வீட்டோட இருப்பேன். நிக்கலேன்னா பிள்ளைய மாமாகிட்ட விட்டுட்டுப் போகணும்."

சோளத்துக்கு இப்படியும் ஒரு மடிப்பு உண்டென்று நான் எழுதிக் கொடுத்த புத்தகத்தில் இல்லை. மாவை மூட்டை கட்டினேன்.

கொழும்பிலிருந்து ரயில். ஜன்னலோரம் இறால் வடை சாப்பிட்டேன். வடையின் முதுகில் இறால் மீசையோடு படுத்திருக்கிறது. காகிதப் பையில் யாரோ பள்ளிப் பிள்ளையின் கணக்குப் பாடம். எங்கள் ஊர் ரயில் தட்டையான நிலத்தில் கோபமாக ஓடும். இது யோசித்து யோசித்து ஏறுகிறது. நாவலப்பிட்டி தாண்டியதும் காற்று குளிர்ந்தது, மரங்களுக்கு நடுவே தேயிலை தொடங்கியது, மலை முழுக்கச் சீப்பால் வாரிவிட்டது போல. அழகு தாங்காமல் தூங்கிவிட்டேன்.

விழித்தபோது வெளியே பஞ்சு மூட்டைக்குள் இருப்பது போலப் பனிமூட்டம். நோர்வூட்டுக்கு இறங்க வேண்டிய ஹட்டன் என்று நினைத்து, பெட்டியும் மாவு மூட்டையுமாகக் குதித்தேன். வட்டகொடை. ஹட்டன் எப்போதோ போய்விட்டது. ரயிலும் போய்விட்டது. மேடையில் கீரைக்கட்டோடு நின்ற ஒரு பெண்மணி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"எங்க போகணுங்க?"

"நோர்வூட்."

"அடேங்கப்பா. நோர்வூட்டுக்கு வட்டகொடை வழியா வந்த ஆளு நீங்கதாங்க மொத."

தலவாக்கலைக்கு ஒரு பஸ், அங்கிருந்து ஹட்டனுக்கு ஒன்று, பிறகு நோர்வூட்டுக்கு ஒன்று. மூன்று பஸ்ஸிலும் மாவு மூட்டை என் மடியில் பிள்ளைபோல் உட்கார்ந்து வந்தது. மலைத்தூறல் ஜன்னல் இடுக்கு வழியே வந்து அதை நனைத்தபடியே இருந்தது. நான் கவனிக்கவில்லை. மலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டாம் நாள் காலை லயத்தில் விடிந்தது. ஒரே கூரையின் கீழ் வரிசையாக வீடுகள். ஒரு வீட்டில் தாளித்தால் ஐந்து வீட்டில் தும்மல். மகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு மகேஸ்வரி தேங்காய் ரொட்டியும் மாசிச் சம்பலும் வைத்தாள். சாயத்தண்ணியை, அந்தப் பால் விடாத தேநீரை, ஒரு கையில் கொடுத்து, மறு உள்ளங்கையில் சீனியைக் கொட்டினாள். சீனியை நக்கிக்கொண்டு சாயத்தைக் குடிக்க வேண்டும். எங்கள் ஊரில் டம்ளருக்குள் நடக்கும் கல்யாணம் இங்கே நாக்கில் நடக்கிறது.

அவளுடைய மாமனார் சின்னையா அடுப்படியில் உட்கார்ந்து என்னைத் "தம்பி" என்று கூப்பிட்டார். ஐம்பதைத் தொடப்போகிற எனக்கு அது இனித்தது. தேயிலைத் தொழிற்சாலையில் உலர்த்தும் இயந்திரத்தின் முன்னாலேயே ஆயுசைக் கழித்துவிட்டு ஓய்வு பெற்றவர். இலை எப்போது வெந்தது, எப்போது கருகப் போகிறது என்பதை மூக்காலேயே சொல்வாராம்.

"துரையே வந்து எங்கிட்ட கேப்பாரு, சின்னையா, எறக்கலாமான்னு. நான் மூக்க நீட்டுவேன். ம்னு சொன்னாத்தான் எறக்குவாங்க."

"மூக்கு மட்டும்தான் நீளம்," என்றாள் மகேஸ்வரி. "காது மந்தம். மாமா, கொஞ்சம் தள்ளி உட்காருங்க, அண்ணன் தட்டு வைக்கட்டும்."

ஜுஜுப்ஸ் செய்வது நான் நினைத்ததைவிட விசித்திரமான வேலை. தட்டில் மாவை நிரப்பிச் சமனாக்கி, குமிழ்ப் பலகையை அதன்மேல் அழுத்தி எடுத்தால் மாவில் குழிகள் விழும். சாயமும் சீனியும் சோளத்திலிருந்தே எடுத்த குளுக்கோஸ் பாகும் சேர்த்துக் காய்ச்சி, அதே மாவைக் கொஞ்சம் கரைத்துவிட்டு, குழம்பு கண்ணாடியாகும்போது குழிகளில் ஊற்ற வேண்டும். சுற்றியிருக்கும் மாவு ஒரு ராத்திரிக்குள் ஈரத்தை உறிஞ்சிவிடும்; காலையில் மிட்டாய் இறுகி எழுந்து வரும். சோளத்தைச் சோளத்தால் இறுக்கி, சோளத்தில் படுக்கவைப்பது. அன்று மாலை மூன்று தட்டு ஊற்றினோம். இஞ்சி மணத்தில் லயமே வாசலுக்கு வந்தது.

மூன்றாம் நாள் காலையில் மிட்டாய் எழுந்து வரவில்லை. அப்படியே கிடந்தது. மகேஸ்வரி ஒன்றைக் கிள்ளினாள். அது நூலாக நீண்டு கூடவே மாவையும் இழுத்துக்கொண்டு வந்தது. பக்கத்து வீட்டு ராணியக்கா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

"என்னடி மகேசு, மிட்டாயின்னே. பிள்ளைக்குச் சளி புடிச்ச மாதிரியில்ல இருக்கு."

"நக்கிப் பாருங்கக்கா, ருசி நல்லாத்தான் இருக்கும்."

"ருசி இருக்குடி. எதால தின்னுறது? கரண்டியாலயா?"

கரண்டியாலேயே தின்றார்கள். வரிசையாக வந்து, ஆளுக்கொரு கரண்டி. யாரும் குறை சொல்லவில்லை. மகேஸ்வரி சிரித்துக்கொண்டே பரிமாறிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

காரணம் நான்தான். எங்கள் ஊரில் மாவைத் திறந்து வைத்தால் வெயில் அதைக் காவல் காக்கும். இங்கே காற்றே ஈரத்துணி. மூன்று பஸ்ஸில் தூறல் குடித்த மாவு, மிட்டாயின் ஈரத்தை உறிஞ்ச எங்கே இடம் வைத்திருக்கும்? கதவு திறந்ததும் சொன்னேன். மாவை உலர்த்த வேண்டும் என்று சத்தமாகவே சொன்னேன்.

சின்னையா அடுப்படியிலிருந்து எழுந்தார். அந்த எழுச்சியை நான் மறக்க மாட்டேன். "ஒலத்தணுமா? இதச் சொல்றதுக்கா இவ்வளவு நேரம்? நீங்க ரெண்டு பேரும் ஹட்டனுக்குப் போயி போத்தல் வாங்கிட்டு வாங்க. திரும்பி வர்றப்ப மாவு ரெடியா இருக்கும்."

ஹட்டனில் மழை. மூடிபோட்ட பிளாஸ்டிக் போத்தல்கள் வாங்கினோம். நகல் எடுக்கும் கடையில் 'நோர்வூட் தேயிலை ஜுஜுப்ஸ்' என்று பெயர் அடித்தோம். ஒரு ஸ்டூடியோவைக் கடக்கும்போது, "இங்கதாண்ணே குவைத்துக்குப் போட்டோ புடிச்சேன்," என்றாள். "பாஸ்போர்ட்டுக்கு, மெடிக்கலுக்கு, விசாவுக்குன்னு ஏஜென்சியில நெறையக் கேட்டாங்க. ஸ்டூடியோக்காரரு தாள் நெறைய அடிச்சுக் குடுத்தாரு. சிரிக்கக் கூடாதுன்னு வேற சொல்லிட்டாரு. பாத்தா நானே பயந்துக்குவேன்." பஸ்ஸில் பின் இருக்கையில் இரண்டு கிழவர்கள் சிங்களத்தில் சண்டை போட்டார்கள். என்ன சண்டை என்றேன். "எந்தக் கடையில ஐஸ்கிரீம் நல்லாருக்குன்னு. அந்தாளு நேத்து மூணு தின்னாராம், டாக்டர்கிட்ட சொல்லாதேங்கிறாரு." சோளம் என்று மனசுக்குள் குறித்துக்கொண்டேன்.

லயத்து வாசலிலேயே மணம் வந்தது. ரொட்டி தீய்வதற்கும் பிஸ்கட் வேகுவதற்கும் இடைப்பட்ட ஒரு மணம். மகேஸ்வரி ஓடினாள்.

பெரிய இரும்புச் சட்டியில் பாதி மூட்டை மாவு செம்மண் நிறத்தில் கிடந்தது. சின்னையா முகம் வியர்த்து, பெருமையாக, துடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இப்பத்தான் வாசம் வந்துச்சு," என்றார். "எறக்கிட்டேன்."

"வாசமா? மாமா, இந்த மாவுல ஏது வாசம்?"

"அதான் நானும் பாக்குறேன். கிண்டுறேன், கிண்டுறேன், வாசமே வரல. பச்ச எலைகூட அரை மணியில வாசம் குடுத்துரும். சரி, இது பிடிவாதம் பிடிச்ச சாமான்னு வெறக இன்னும் கொஞ்சம் தள்ளி..."

அவர் நிறுத்திக்கொண்டார். எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டார். தேயிலைக்காரர் தேயிலைக்காரராகவே நின்று, வாசம் இல்லாத ஒரு பொருளிடம் வாசத்துக்காகக் காத்திருந்திருக்கிறார். மாவு எப்போதோ உலர்ந்து, அவருடைய மூக்குக்காகவே கருகத் தொடங்கியிருக்கிறது.

மகேஸ்வரி கத்தவில்லை. அடுப்புக் கல்லில் உட்கார்ந்தாள். "பரவால்ல மாமா," என்றாள். அதைவிடக் கத்தினால் எவ்வளவோ மேல் என்பது போல அவர் நின்றார்.

மீதி மாவு கொஞ்சம் மூட்டையில் இருந்தது. நாளை காலை மிட்டாய் எழ வேண்டும். நாளை மறுநாள் தேர். நான் அந்த மாவை அள்ளி, என்ன செய்வதென்று தெரியாமல் விரலால் அழுத்தினேன். சத்தமே இல்லை. கட்டுநாயக்க மேசை நினைவுக்கு வந்தது. அந்த அதிகாரியின் கதையைச் சொன்னேன். மகேஸ்வரி பாதியிலேயே எழுந்துவிட்டாள்.

"அப்ப காஞ்சிருந்தா கத்தும். ஈரமா இருந்தா வாயத் தொறக்காது. அதானே?"

விறகை முழுவதும் இழுத்துவிட்டு, தணலில் மட்டும் வேறொரு சட்டியை வைத்தாள். மாவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுப் புரட்டி, சிட்டிகை எடுத்து ஆறவிட்டு, காதுக்குப் பக்கத்தில் வைத்து அழுத்தினாள். சின்னையாவும் ஒரு சிட்டிகை எடுத்துத் தம் காதோரம் வைத்தார்.

"கத்துதாடி?"

"உங்களுக்கு இடி இடிச்சாலே கேக்காது மாமா. விரல்ல தெரியும் பாருங்க, வழுக்காம நிக்கும்."

"ஆமா. நிக்குது. நிக்குதுடி!"

வெள்ளை மாறாமல், மூக்குக்கு எதுவும் சொல்லாமல், மாவு கிறீச்சிட்டது. இருட்டுவதற்குள் இரண்டு தட்டு ஊற்றினோம். தட்டுகளை அடுப்புக்கு மேலே சூடு தங்கும் பரணில் ஏற்றி வைத்தாள்.

நான்காம் நாள் காலையில் அவை எழுந்து வந்தன. கருஞ்சிவப்பாக, ஓரம் கூராக, வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே ஒரு சின்ன மாலைப்பொழுது. மாவைச் சலித்துத் தள்ளி, சீனியில் புரட்டி, வாயில் போட்டேன். முதலில் சீனி, பிறகு இஞ்சி, கடைசியில் தொண்டையோரம் தேயிலையின் துவர்ப்பு. ராணியக்கா ஒன்றை மென்றார், இன்னொன்றை எடுத்தார். "கரண்டி வேணாம்," என்றார். அதுதான் சான்றிதழ்.

மைதா மாவுப் பசை காய்ச்சிப் போத்தல்களில் பெயர்த்தாளை ஒட்டி, நோர்வூட் கடைத்தெருவுக்குத் தூக்கிப்போனோம். சுப்பையா முதலாளி விபூதி நெற்றியோடு ஒரு மிட்டாயை மென்றபடி தலையசைத்தார். அசைக்கும்போதே ஒரு போத்தலின் தாள் கழன்று அவர் மேசையில் விழுந்தது. பிறகு இன்னொன்று. பனிமூட்டம் பசையை ஊறவைத்துவிட்டிருந்தது.

"மகேசு, சாமான் நல்லாருக்கு. இல்லேன்னு சொல்லல. ஆனா பேரில்லாத போத்தல நான் தட்டுல வைக்க மாட்டேன். யாரு செஞ்சதுன்னு சனத்துக்குத் தெரியணுமில்ல? நாளைக்கு யாருக்காவது வயித்த வலின்னா எங்கிட்ட வருவாங்க."

"ஒட்டிக் கொண்டாரேன் முதலாளி."

"காலையில தேர் கெளம்புறதுக்குள்ள."

திரும்பி வரும்போது அவள் முன்னால் நடந்தாள். தேயிலைக்கு நடுவே போகும் குறுக்குவழியில், ஓரிடத்தில் நின்று, கீழே ஆற்றைப் பார்த்தாள். "குவைத்துல மழ பெய்யாதாம்ல," என்றாள்.

வீட்டில் சின்னையா தம் பாவத்தைக் கழுவிக்கொண்டிருந்தார். வறுத்த மாவு அப்பியிருந்த சட்டியில் வெந்நீர் ஊற்றி, சாக்குத் துண்டால் தேய்த்துத் தேய்த்து, இப்போது சாக்கு சட்டியோடும் அவர் கை சாக்கோடும் ஒட்டிக்கொண்டிருந்தது.

"தம்பி, இத இழுங்க. விடமாட்டேங்குது."

இழுத்தேன். சாக்கு கிழிந்து பாதி சட்டியிலேயே நின்றது. என் விரல்களும் ஒன்றோடொன்று பிடித்துக்கொண்டன. அந்தப் பிசினை மூக்கருகே கொண்டுபோனேன். தபால் உறையின் ஓரத்தை நக்கும்போது வரும் அதே வாசனை. நானே எழுதிய புத்தகம், நானே எழுதிய பக்கம்: மாவைத் தண்ணீரில்லாமல் வறுத்தால் அது கோந்தாகும், உறைகளுக்கும் போத்தல் தாள்களுக்கும் தடவுவார்கள். எழுதியபோது அதற்கு இந்த நிறம் என்று எனக்குத் தெரியாது.

"மகேசு," என்றேன், "மாமா மாவைக் கெடுக்கவில்லை. வேறு சாமான் செய்து வைத்திருக்கிறார்."

ஒதுக்கி வைத்திருந்த பழுப்புத் தூளை வெந்நீரில் குழைத்தோம். தேன்போல வந்தது. சின்னையாவே ஒரு தாளில் தடவி, போத்தலில் ஒட்டி, அடுப்போரம் காயவைத்து, பிறகு வாசலில் பனிக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டுக் காவல் உட்கார்ந்தார். பொழுது சாயும்வரை அது அசையவில்லை. அவர் நகத்தால் சுரண்டிப் பார்த்தார். நகம்தான் வலித்தது.

"எப்பேர்ப்பட்ட வறுவல்," என்றார் தமக்குத்தாமே.

ஆனால் பெயர்த்தாள்களில் பாதி நனைந்து பாழாகியிருந்தன. ஹட்டனுக்குப் போக நேரமில்லை. மகேஸ்வரி உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்தாள். ஸ்டூடியோத் தாள்களோடு வந்தாள். வரிசை வரிசையாக அவளுடைய முகம், சிரிக்காமல்.

"யாரு செஞ்சதுன்னு தெரியணும்னுதானே கேட்டாரு?" என்று கத்தரிக்கோலை எடுத்தாள்.

ஐந்தாம் நாள் தேர். தோட்டம் தோட்டமாக இறங்கி வந்த சனம் கடைத்தெருவை நிறைத்தது. கஞ்சிபோட்ட சேலைகளின் சரசரப்பு, தப்பு மேளம், கடலை வறுக்கும் புகை. சுப்பையா முதலாளி ஒரு போத்தலில் இருந்த முகத்தை நகத்தால் நோண்டிப் பார்த்தார். மறுபடியும் பார்த்தார். "எந்தக் கடைக் கோந்து இது?"

"எங்க மாமா வறுத்ததுங்க."

"எனக்கும் ஒரு போத்தல் வறுக்கச் சொல்லு," என்று கண் மட்டத் தட்டைக் காலிசெய்து கொடுத்தார்.

தட்டு முழுக்க மகேஸ்வரி. முறைத்தபடி. அந்த முகத்தைப் பார்த்துப் பயந்து வாங்கினார்களோ, தெரிந்த முகம் என்று வாங்கினார்களோ, தேர் கடைக்கு நேராக வருவதற்குள் முன்வரிசை தீர்ந்துவிட்டது. முதலாளி பின்வரிசையை முன்னால் இழுத்துவிட்டு, "அடுத்த வெள்ளிக்குள்ள இன்னொரு தட்டுக்குக் கொண்டா," என்றார். சின்னையா கடை வாசலில் நின்று, வாங்கிப் போகிறவர்களிடமெல்லாம், "தாளக் கிழிச்சுப் பாருங்க, முடியாது," என்று சொல்லிக்கொண்டிருந்தார். மிட்டாயைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஏஜென்சிக்காரத் தம்பி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். நல்ல பிள்ளை, காலில் சப்பாத்து மழையில் நனைந்திருந்தது.

"அக்கா, என்ன முடிவு? திங்கக்கிழம ஃபைல் கொடுக்கணும். போட்டோ கொண்டாந்தீங்களா?"

"மொதல்ல இதச் சாப்பிடுங்க தம்பி."

வாங்கி வாயில் போட்டார். மென்றார். ஜுஜுப்ஸ் பல்லைப் பிடித்துக்கொண்டதால் அவரால் உடனே பேச முடியவில்லை. மகேஸ்வரிக்கு அந்த இடைவெளி போதுமானதாக இருந்தது.

"திங்கக்கிழம நான் தோட்டத்துல வேலைக்குப் பேர் குடுக்கப் பெரட்டுக்குப் போறேன். கொழுந்துக் கூடைய இப்பவே விட முடியாது. பின்னேரத்துல இது. மெல்ல மெல்லப் பாத்துக்குறேன். குவைத்துக்கு வரல தம்பி."

அவர் விழுங்கினார். "நல்லா யோசிச்சீங்களாக்கா? அப்ப போட்டோவையாவது குடுங்க. மனசு மாறினா வச்சுக்குவேன்."

மகேஸ்வரி கடைக்குள் கையை நீட்டினாள். கண் மட்டத் தட்டிலிருந்து பத்துப் பன்னிரண்டு மகேஸ்வரிகள் அவரைப் பார்த்தார்கள்.

"எல்லாத்தையும் அங்க ஒட்டிட்டேன். முடிஞ்சாப் பிச்சு எடுத்துக்கங்க."

தம்பி உள்ளே போனார். ஒரு போத்தலைக் கையில் எடுத்தார். கட்டைவிரல் நகத்தை முகத்தின் ஓரத்தில் வைத்து ஒருமுறை நெம்பினார், இன்னொருமுறை நெம்பினார். பிறகு போத்தலைத் திருப்பித் தட்டில் வைக்காமல், கையோடு கொண்டுபோய் முதலாளியின் மேசையில் நிறுத்தினார்.

"இதுக்கு எவ்வளவுங்க?" என்றார்.